இடது கை முடிச்சு

திங்கள் காலை காவலர்களின் லாரி வரும்.
மூன்று சாக்கு, சில வாரம் ஐந்து.
லேமெக் தராசில் ஏற்றி எண்ணைச் சொல்ல
நான் நோட்டில் எழுதுவேன்:
லுவாங்வா ஆற்றின் அக்கரை, கண்ணி, பதினொரு கிலோ.

கிலோவில் சொன்னால் ஒன்றும் தெரியாது.
பிரித்துப் பார்க்க வேண்டும்.
டயரை எரித்து எடுத்ததில் கரி ஒட்டியிருக்கும்.
மின்கம்பத்திலிருந்து இறங்கியது விறைப்பு, சொன்னபடி வளையாது.
சைக்கிள் பிரேக் கம்பி மெலிசு,
சின்ன மானுக்கு அது போதும்.
சிலவற்றில் மயிர் இருக்கும்.
அவற்றை மட்டும் தொட்டியில் ஊறப்போட்டுவிட்டுத்
தேநீர் குடிக்கப் போவோம்.

லேமெக் எட்டு வருடம் கண்ணி வைத்தவன்,
ஒன்றரை வருடம் சிப்பாட்டா சிறையில் இருந்தவன்.
இப்போது இம்பாலா மான் செய்கிறான்.
அளவுகோல் வேண்டாம் அவனுக்கு.
கழுத்து எந்த உயரத்தில் வரும் என்று
தன் தொடையில் கை வைத்துக் காட்டுவான்.
எருமைக்கு, நெஞ்சில்.
ஆனால் அவன் செய்கிற மான் எதுவும்
நேரே பார்ப்பதில்லை.
எல்லாம் கழுத்தைத் திருப்பி
முதுகுக்குப் பின்னால் எதையோ பார்த்தபடி நிற்கும்.
இந்த நளினத்தை எங்கே கற்றாய் என்று
நார்வேக்காரி ஒருத்தி கேட்டாள்.
"பார்த்திருக்கிறேன், அம்மா" என்றான்
இடுக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"காடு சுத்தமானால் நம் அடுப்பு அணைந்துவிடும், எஸ்னாட்"
என்பான், சம்பள நாளில்.
சிரிப்பேன். பிறகு சிரிப்பு தொண்டையில் நிற்கும்.

எனக்கு யானை.
பெரியது என்றால் ஒன்பது நாள்.
முதலில் முதுகு.
முதுகு சரியாக விழுந்தால்
மற்றதெல்லாம் அதிலிருந்து தொங்கிக்கொள்ளும்,
கொடியில் ஈரத்துணி மாதிரி.
காதுக்கு மெல்லிய கம்பி, நெருக்கமாக.
தும்பிக்கைக்குச் சுருள்.
வயிற்றுக்கு ஒன்றுமில்லை, வயிறு காற்றுதான்.
அந்தப் பக்கம் மேயும் ஆட்டை
அதனூடே பார்க்கலாம்.

போன வாரச் சாக்கில் ஒரு பிரேக் கம்பி.
நுனியில் முடிச்சு.
ஊரே வலப்பக்கம் முறுக்கும்,
இது இடப்பக்கம் போயிருந்தது.
மூன்று சுற்று, பிறகு அரை.
மிச்ச நுனி உள்ளே மடித்திருந்தது,
விரலைக் கிழிக்காமலிருக்க.

என் வீட்டுக்குப் பின்னால்
துணி காயும் கொடியில் இதே முடிச்சு இருக்கிறது.
கட்டியவன் என் தம்பி மசாவுசோ.
சந்தையில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவன்.

லேமெக் என்னைப் பார்த்தான்.
நான் எழுத்து வாசிப்பதுபோல
அவன் முடிச்சு வாசிப்பான்.
ஒன்றும் சொல்லாமல் தொட்டியின் மூடியை
எனக்காகத் திறந்து வைத்தான்.

மழை பொய்த்த ஜனவரியில்
மசாவுசோ இறைச்சி கொண்டுவந்தான். ஆடு என்றான்.
ஆடு என்று நம்பித்தான் தின்றேன்.
இல்லை.
நம்பவில்லை, தின்றேன்.
பிள்ளைகள் எலும்பைத் தட்டி உறிஞ்சினார்கள்.

அந்தக் கம்பியை யானையின் நெற்றிக்குள் விட்டேன்.
முடிச்சை அவிழ்க்கவில்லை.
வியாழக்கிழமை காவலர் சகாலா வந்தார்,
வழக்கம்போல யானையைத் தடவிக்கொடுத்தார்.
விரல் ஓரிடத்தில் நின்றது.
"இது யார் முடிச்சு?"
"யானையுடையது" என்றேன்.
அவர் விரலை எடுக்க
நேரம் ஆனது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து
கொடியை அவிழ்த்தேன்.
பள்ளிச் சட்டைகள் புழுதியில் விழுந்தன.
மசாவுசோ சைக்கிளைச் சாய்த்துவிட்டு
விழுந்ததைப் பார்த்தான், பிறகு என்னை.
கம்பியை நீட்டினேன்.
நிறைய நேரம் வாங்கவில்லை.

வாங்கிக் கட்டினான்,
வலது கையால்.
முறுக்கு நழுவியது, மறுபடி நழுவியது,
நுனி கட்டைவிரலைக் கிழித்தது.
சூப்பிக்கொண்டே கட்டி முடித்தான்.
எங்கே வைத்தாய், இன்னும் எத்தனை என்று
நான் கேட்கவில்லை.

கொடி தொய்ந்துவிட்டது.
நீளக் காற்சட்டை காயப்போட்டால்
கால் இரண்டும் மண்ணைத் தொடுகிறது.